ஆலைச் சங்கு நின்ற ஊர்: வாசகர் கேள்வி – பதில்

மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளைப் பற்றி இப்பகுதியில் முன்பு நான் எழுதிய சில வரிகளைப் படித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் எழுத இயலவில்லை. முதல் கடிதம் என் வீட்டுக் கதையையே கிளறிவிட்டதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

என் கணவர் பஞ்சாலையில் 24 ஆண்டுகள் தறி ஓட்டியவர். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் 'திறக்கப் போகிறார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கேட் வரை போய் நின்றுவிட்டு வருகிறார். கிடைத்த வேலையில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் கோபப்பட்டால் 'உனக்குத் தெரியாது' என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?
– ஒரு வாசகி, முதலியார்பேட்டை

அம்மா, உங்கள் கணவர் கேட் வரை போய் நிற்பதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அது அவருக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒன்று. ஆலை முழுவதும் மூடப்படுவதற்கு முன்னால் நெடுங்காலம் 'லே-ஆப்' – அதாவது வேலை இல்லை என்று ஆட்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது – நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லே-ஆப் நாட்களில் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஆனால் அந்தப் பாதியைப் பெற, வேலை இல்லை என்று தெரிந்திருந்தும், குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. வேலையில்லாத ஆலையின் வாசலில் நாள்தோறும் போய்க் கையெழுத்துப் போட்டவர்களுக்கு, போவதை நிறுத்தினால் பாதிச் சம்பளமும் போய்விடும் என்ற அச்சம் உடம்பிலேயே ஊறிவிட்டது. சம்பளம் நின்ற பிறகும் அந்தக் கால்கள் கேட்டை நோக்கித்தான் நடக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் மூடிய ஆலை ஒருமுறை உண்மையாகவே திறந்தது. நட்டத்தில் நின்றுபோன ஏ.எப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலையை 1986-ல் புதுச்சேரி அரசு ஏற்று நடத்தத் தொடங்கியபோது, 'இனி திறக்காது' என்று சொன்னவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள், காத்திருந்தவர்கள் வென்றார்கள். அந்த ஒரு வெற்றியின் நினைவு ஒரு தலைமுறையையே காத்திருக்க வைத்துவிட்டது. ஆகவே 'உனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லும்போது, அவர் கண்ணால் கண்ட ஒன்றை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார். நீங்கள் அதை மறுத்துப் பேசப் பேச அவர் இன்னும் உறுதியாக நிற்பார்.

என் தந்தையும் தறிக்காரர்தான். அவர் வேலை பார்த்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அது பல மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துக்கொண்டு நின்றுபோனது என்பது மட்டும் போதும். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் அவர் வீட்டில் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். நாங்கள் பேசும்போது எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆலை நின்ற பின் வீடும் தெருவும் அமைதியாகிவிட்டன, ஆனால் அவருடைய குரல் மட்டும் தறிக்கு மேலே கேட்கும்படியான அதே உயரத்தில் நின்றுவிட்டது. எண் பொறித்த அவருடைய பித்தளை டோக்கன் ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்து வைப்பார். அம்மா அதைக் கண்டு ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அம்மா செய்தது வேறு. ஊதுபத்தி உருட்டும் இடத்தில், ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தாம் முதலில் சேர்ந்தார். பிறகு நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்த அன்று அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ஆலை தெறந்தா போங்க, யாரு வேணாங்கறா, அதுவரைக்கும் இதைப் பாருங்க." ஆலை திறக்குமா திறக்காதா என்ற வழக்கை அவர் வீட்டுக்குள் நடத்தவே இல்லை. அப்பா அந்தக் கடைக்குப் போனார். முதல் ஓராண்டு டோக்கனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனார். துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து 'இது நாற்பதாம் நம்பர் நூல்' என்று அவர் சொல்லிவிட்டால் கடைக்காரர் அதற்கு மேல் விவாதிக்க மாட்டார். டோக்கன் எப்போது மறுபடி ஆணிக்குப் போனது என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை.

உங்கள் கணவருக்கும் கைவசம் இப்படி ஏதேனும் ஒரு தேர்ச்சி கட்டாயம் இருக்கும். 24 ஆண்டு தறி ஓட்டியவருக்கு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு தெரியும், அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடியத் தெரியும். அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பிருக்கும் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். காவலாளி வேலையையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் நான்காம் மாதம் அவர் திரும்பி வருவது இயற்கை. மகளின் படிப்புச் செலவை அவரிடம் மறைக்காதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தை அவர் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள். கேட்டுக்குப் போவதை மட்டும் தடுக்க வேண்டாம்.

இத்தனை பேருக்குச் சோறு போட்ட ஆலைகள் ஏன் மூடின? அரசா, முதலாளிகளா, சங்கங்களா – யாரைக் குற்றம் சொல்வது?
– ஒரு வாசகர், வில்லியனூர்

ஐயா, ஒரே ஒருவரைச் சுட்டிக்காட்ட முடிந்தால் மனம் ஆறும். ஆனால் நம் ஆலைகளின் சரிவு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஒன்று, அதன் வேர் இன்னும் பழையது.

1820-களின் இறுதியில் தொடங்கிய சவானாவும், 1898-ல் தொடங்கிய ரோடியரும் – பின்னாளில் ஏ.எப்.டி. என்றானது அதுதான் – பிரெஞ்சுப் பேரரசின் சந்தையை நம்பி எழுந்தவை. புதுச்சேரியின் நீலச் சாயத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அது துணியாக மட்டுமின்றிப் பண்டமாற்றுக்குப் பணம் போலவும் புழங்கியது. 1954 நவம்பர் 1-ல் நாம் இந்தியாவோடு இணைந்தோம். அந்த இணைப்பை நான் மனமார வாழ்த்துகிறவன். எனினும் அந்நாளோடு பிரெஞ்சுச் சந்தை கைநழுவியது என்பதையும், பம்பாய், அகமதாபாத், கோவை ஆலைகளோடு போட்டியிட வேண்டிய நிலை வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அடுத்து விசைத்தறிகள் வந்தன. அடக்கவிலையில் அவற்றோடு நூற்பும் நெசவும் ஒருங்கே நடத்தும் பெரிய ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, நாடு முழுவதும் இதே கதைதான். பம்பாயில் 1982-ல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் பல மீளவே இல்லை, சென்னையில் பின்னி ஆலை 1990-களில் நின்றது. உலகத் துணி வணிகத்தில் இருந்த ஒதுக்கீட்டு முறை 2005 சனவரியோடு முடிந்தபோது, பழைய எந்திரங்களை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசி இடமும் போயிற்று.

எனக்கு மிகுந்த வருத்தம் எந்திரங்களைப் பற்றித்தான். ஓடிய காலத்தில் கிடைத்த பணத்தில் போதிய பங்கு தறிக்கும் நூற்புக் கதிருக்கும் திரும்பி வரவில்லை. அரசு ஏற்ற பிறகு சம்பளத்துக்குப் பணம் ஒதுக்குவதே ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாடாக இருந்தது, புதுப்பிக்கப் பணம் எங்கிருந்து வரும்? இந்த நிலையில்தான் 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் வந்தது. கூரை பெயர்ந்த கூடங்களுக்குள் மழை இறங்கியது. அதன் பின் ஏ.எப்.டி. பழையபடி ஓடவே இல்லை. 2020 ஏப்ரல் 30-ஆம் நாளோடு, ஊரடங்கின் நடுவில், அதை மூடினார்கள். கூடி நின்று அழுவதற்குக்கூட அன்று தொழிலாளிக்கு வழியிருக்கவில்லை.

சங்கங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிற்காலத்தில் சங்கங்கள் பல துண்டாகி, ஒன்று ஒப்புக்கொண்டதை மற்றொன்று மறுத்து, பேச்சுவார்த்தையை இழுத்தடித்ததை நானும் அறிவேன். ஆனால் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் 'சங்கம் வைத்துத்தான் கெட்டார்கள்' என்று சொல்வோர், 1936 சூலை 30-ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று சவானா ஆலையில் பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 12 தொழிலாளர் மாண்டனர். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முதலானோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937-ல் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் என்று நம் ஊரார் பெருமையோடு சொல்வார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கும் இன்றைய விடுதிகளிலும் கிடங்குகளிலும் பணியாற்றும் அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் துறைமுகத்தில் படகில் சரக்கு இறக்கிப் பிழைத்தவன். அந்தத் தொழில் போய்விட்டது. மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான். உள்ளூர் சிப்காட் தொழிற்பேட்டையில் காண்டிராக்ட் வேலை கிடைக்கிறது. அவனோ சென்னைப் பக்கம் ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகிறேன் என்கிறான். தடுப்பதா, விடுவதா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

ஐயா, விடுங்கள். கப்பல் கடலில் நிற்க, படகில் போய்ச் சரக்கை வாங்கி உப்பனாற்றுக் கரையில் இறக்கிய தலைமுறை உங்களுடையது. அந்தத் தொழில் தேய்ந்தபோது சிப்காட் வந்தது, எல்லாருக்கும் வேலை என்றார்கள். வந்த ஆலைகளில் பெரும்பாலானவை வேதிப்பொருள் ஆலைகள். குடிகாட்டிலும் சுற்று ஊர்களிலும் வாழ்பவர்கள் காற்றின் நாற்றத்தை வைத்தே எந்த ஆலை ஓடுகிறது என்று சொல்லும் நிலை வந்தது, உப்பனாற்றில் மீன் குறைந்தது. வேலையையும் மூச்சையும் தராசின் இரு தட்டில் வைத்து, எது வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு ஒரு ஊரைத் தள்ளியது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மகன் எங்கே போனாலும் இரண்டைக் கேட்டு வாங்கட்டும்: பணி ஆணை ஒன்று, வருங்கால வைப்பு நிதிக்கான யூ.ஏ.என். எண் ஒன்று. காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் புதிய எண் போட்டுப் பழைய ஆண்டுகளைத் தொலைத்துவிடுகிறார்கள். அதே எண்ணைத் தொடரச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும் என்பதால், இருபது வயதில் தொலையும் ஓர் ஆண்டின் விலை அறுபதில்தான் தெரியும். அவன் போவதால் உங்கள் வீடு வெறிச்சோடும் என்பதை நான் அறியாமல் இல்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் வீழ்ந்து மறுபடி எழுந்தது என்று படித்தேன். புதுச்சேரியும் அப்படி எழ முடியாதா?
– ஒரு கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் இரண்டு ஊர்களும் விழுந்த விதம் வேறு.

கார்களின் தலைநகரான டெட்ராய்ட்டில் 1950-ல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். ஆலைகள் புறநகருக்கும் பிற மாநிலங்களுக்கும் நகர்ந்தன. வசதியுள்ள வெள்ளையர் பின்தொடர்ந்தனர். வெளியேற வழியில்லாத கறுப்பினத்தவர் பெரிதும் எஞ்சினர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 2013 சூலை 18-ல் அந்த நகராட்சி நொடிப்பு (திவால்) மனு கொடுத்தது. மறு ஆண்டு மீண்டபோது, நகராட்சியின் பொதுப் பிரிவில் ஓய்வு பெற்றவர்களின் மாத ஓய்வூதியத்தில் நூற்றுக்கு நாலரை விழுக்காடு வெட்டப்பட்டிருந்தது. 1988-ல் மூடிய அவ்வூரின் பெரிய ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018-ல் வாங்கிப் புதுப்பித்து 2024-ல் திறந்தது. அதே ஆண்டில், பல பத்தாண்டுகளுக்குப் பின் முதல் முறையாக மக்கள்தொகை சற்றே உயர்ந்ததாக மதிப்பீடு வந்தது. நீங்கள் படித்த எழுச்சி இதுதான். பாழடைந்த ரயில் நிலையத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு 36 ஆண்டு வாழ்ந்தவர்களையும் அதில் சேர்த்து எண்ணுங்கள்.

டெட்ராய்ட்டில் வீடுகள் காலியாயின. யார் பார்த்தாலும் வீழ்ச்சி தெரிந்தது. புதுச்சேரியோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2001-ல் 9 லட்சத்து 74 ஆயிரமாக இருந்த ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 2011-ல் 12 லட்சத்து 48 ஆயிரத்தை நெருங்கியது. பிரெஞ்சுக் கால வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களுக்கு முன் வார இறுதிகளில் நிற்க இடமில்லை. காலியானது ஆலைக் கூடம் மட்டும்தான். அதனால்தான் இங்கே நடந்ததை யாரும் வீழ்ச்சி என்று சொல்வதில்லை. ஊர் நன்றாக இருக்கும்போது, உன் வீட்டில் மட்டும் என்ன குறை என்று கேட்கிறார்கள். பேருந்து நிலையத்தைப் புதுப்பித்த காலத்தில் பேருந்துகள் ஏ.எப்.டி. திடலிலிருந்து புறப்பட்டன. அங்கே கூட்டத்தோடு நின்றிருந்த ஒரு முதியவர், தம் பேரனிடம் மதிலைக் காட்டி, எந்தக் கதவு வழியாக எந்த ஷிப்ட் உள்ளே போகும் என்று விளக்கிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். பையன் பேருந்தின் பெயர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழ முடியாதா என்றால், முடியும். ஆலைகளுக்குப் பின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் வந்து பல குடும்பங்களைக் காத்தன. ஆனால் வரிச் சலுகையைப் பார்த்து வந்தவர்களில் பலர் சலுகை முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். சலுகைக்காக வராமல், இங்கே உள்ள கைத்தேர்ச்சிக்காகவும் படிப்புக்காகவும் வரும் தொழில் எதுவோ அதுதான் தங்கும். ஆலை நிலங்களை என்ன செய்யப் போகிறோம் என்பதில் உங்கள் தலைமுறை குரல் கொடுக்க வேண்டும். அங்கே எது வந்தாலும், முதல் வேலைகளில் ஒரு பங்கு அந்தத் தெருக்களின் பிள்ளைகளுக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

என் தந்தை ஒரு ஆலையில் 28 ஆண்டு வேலை பார்த்தார். ஆலை நின்றபின் பணிக்கொடை வராமலே இறந்துவிட்டார். லே-ஆப் ஆண்டுகளைக் கழித்துக்கொண்டுதான் தருவோம் என்றார்களாம். அம்மாவுக்கு ஓய்வூதியமும் இல்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, அரியாங்குப்பம்

முடியும், அம்மா. உங்கள் தந்தையின் வேலை 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் நடப்பில் இருந்தபோதே முடிந்துவிட்டது. அந்தச் சட்டப்படி லே-ஆப் காலம் பணித் தொடர்ச்சியை முறிக்காது. தொழிலாளியின் தவறால் நேராத நிறுத்தம் எதையும் காட்டி ஆண்டுகளைக் குறைக்க இடமில்லை. கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு உரியது கிடைக்கும். அந்தத் தொகை 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 7,500. 28 ஆண்டுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். முப்பது நாளுக்குள் தராத தொகைக்குத் தனி வட்டியும் உண்டு. தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் வாரிசு என்ற முறையில் அம்மா பெயரில் மனுக் கொடுங்கள்; காலம் கடந்ததற்கான காரணத்தை மனுவிலேயே எழுதினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டு.

ஓய்வூதியம் தனி வழி. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுக்கு மேல் பணி உள்ளவர் இறந்தால் மனைவிக்கு உரிமை உண்டு. வைப்பு நிதி அலுவலகத்தில் 10டி படிவம் கொடுக்க வேண்டும். குறைந்தது மாதம் 1,000 ரூபாய் என்பது 2014 முதல் நடப்பில் உள்ளது. சிறிய தொகைதான், இருந்தும் இத்தனை காலம் அது வராமல் இருந்திருக்கக் கூடாது.

பெரும்பாலான மனுக்கள் பெயரில்தான் சிக்குகின்றன. ஆலைப் பதிவேட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் தலைப்பெழுத்து வேறு என்று இருக்கும். தந்தையின் இ.எஸ்.ஐ. அட்டை, பழைய சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, டோக்கன் எண் எழுதிய எந்தத் தாளாக இருந்தாலும் தேடி எடுங்கள். பெட்டியின் அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் பாருங்கள். என் அப்பாவின் சீட்டுகள் அங்கேதான் இருந்தன. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இரண்டிரண்டு நகல் எடுத்து, அம்மாவையும் உடன் அழைத்துக்கொண்டு, பத்து மணிக்கே போய்விடுங்கள். மனுவைக் கொடுத்ததும் முத்திரையிட்ட ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.